புஷ்பமேரிக்கு மர்செய்யிலிருந்து ஒரு போன்

புஷ்பமேரியைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள், பிறகு "பாவம்" என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. அவளை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன், சண்டை போட்டு மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறேன், பாவம் என்று மட்டும் சொன்னதில்லை. பாவம் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தையோடு வேலை முடிந்துவிடும்.

என் பெயர் மாலா. மூலக்குளத்திலிருந்து என்னை இந்த நெல்லித்தோப்பில் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் போன பிறகு முன்னறைச் சுவரை இடித்துக் கதவு வைத்து டெலிபோன் பூத் போட்டேன். பாண்டிச்சேரியில் ஐ.எஸ்.டி. பூத் வைத்திருந்தவளுக்குத் தெரியாத குடும்பக் கதை கிடையாது. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் பேசுவதாக அவர்களுக்கு நினைப்பு. பிரான்சு ரொம்ப தூரம் என்பதால் கத்திப் பேசுவார்கள், அது கோயில் வாசல் வரைக்கும் கேட்கும்.

புஷ்பமேரி எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் சமையல் வேலை. காலை டிபன் முடித்து வருவாள், சாயந்திரம் மறுபடி ராச்சோற்றுக்குப் போவாள். அவள் வைக்கும் மீன்குழம்புக்காகவே பிள்ளைகள் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கும். "ஊரார் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்" என்று அடிக்கடி சொல்வாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

அவள் புருஷன் அலெக்சாண்டர் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் துணி தேய்க்கிறவன். சாதுவான ஆள். அவனை அதட்டி எழுப்பினால் எழுந்திருப்பான், உட்காரச் சொன்னால் உட்காருவான். அவனுடைய அக்கா ஜெர்மேனை ஒரு சொல்தா வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஜெர்மேனும் அவள் புருஷனும் பிரான்சில் தூலோன் என்ற ஊரில் இருந்தார்கள். எல்லாம் இருந்தது, பிள்ளை மட்டும் இல்லை.

புஷ்பமேரிக்கு இரண்டு. பெரியவன் ஆரோன், சின்னவள் ஆஷ்லின். ஆஷ்லினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஜெர்மேன்தான் ஞானத்தாயாக நின்று குழந்தையைப் பிடித்தாள். பிரெஞ்சில் மரேன் என்பார்கள், எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் தமிழ் பேசும்போதும் மரேன்தான். அந்தப் பெண்ணுக்கு நான்கு வயதானபோது ஜெர்மேன் லீவுக்கு வந்தாள். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, கை கழுவிக்கொண்டே, "ரெண்டுல ஒன்னக் குடுங்களேன், நாங்க வளத்துக்கறோம்" என்று கேட்டாள்.

தெரு முழுக்க இதே பேச்சு. ஆளாளுக்கு ஒரு யோசனை. "ஒரு புள்ள அங்க ஏறிட்டா போதும், மத்தவங்களையும் தூக்கி விட்டுடும்" என்பதுதான் எல்லோருடைய கணக்கு. பதினெட்டு வயதானதும் அது அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ளும், பிறகு அண்ணன், பிறகு அண்ணன் கட்டுகிறவள், இப்படியே மொத்தக் குடும்பமும் பிரெஞ்சுக்காரர்களாகிவிடலாம். எந்தப் பிள்ளையைக் கொடுப்பது என்று மட்டும் யாரும் யோசனை சொல்லவில்லை. அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பதுபோல ஆஷ்லின் பெயரே எல்லோர் வாயிலும் வந்தது.

நான் போய்ச் சத்தம் போட்டேன். "நாய்க்குட்டியாடி, ரெண்டுல ஒன்னு குடுக்கறதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒனக்கு என்ன தெரியும்? அவ நல்லா இருக்க வேணாமா?" என்றாள் புஷ்பமேரி.

அதோடு பேச்சு நின்றது. கையெழுத்தெல்லாம் முடிந்து, மெட்ராஸ் விமான நிலையத்துக்கு வேன் வந்த அன்று நான் என் வாசலிலேயே நின்றேன். புதுக் கவுன் போட்டிருந்த ஆஷ்லின் தானாகவே ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். அழவே இல்லை. வேன் கிளம்புகிற நேரத்தில் மட்டும் தலையை வெளியே நீட்டி, "அண்ணன் வரல?" என்று கேட்டாள்.

"அண்ணனுக்கு ஸ்கூல் இருக்கு" என்றாள் புஷ்பமேரி.

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழாக மாறியது. ஞானத்தாய் தாயானாள், தாய் ஞானத்தாயானாள். ஆஷ்லினிடம் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். வருஷப் பிறப்பன்று என் பூத்துக்குத்தான் தூலோனிலிருந்து போன் வரும். ஜெர்மேன் முதலில் பேசி, பிறகு பெண்ணிடம் கொடுப்பாள். "பொன்னானே, மரேன்" என்று அந்தப் பிள்ளை புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும். புஷ்பமேரி, "பொன்னானே, கண்ணு" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்காக அவள் காலையிலேயே தலைகுளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள்.

ஆரோன் பத்தாவது முடித்ததும் பிரான்சு போகிற ஆசை முற்றிவிட்டது. ஊரில் பிரெஞ்சுக் காகிதங்களைப் பார்த்துத் தருகிற ஒருவரிடம் புஷ்பமேரி போய், பெண் வயதுக்கு வந்ததும் அண்ணனை அழைத்துக்கொள்ள என்ன செய்யவேண்டும் என்று விசாரித்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முழுத் தத்துக் குடுத்துட்டீங்களேம்மா. அன்னிக்கே ஒறவு அத்துப் போச்சு. சட்டப்படி அந்தப் பொண்ணுக்கு நீங்க யாரும் இல்ல, ஒங்க பையனும் யாரும் இல்ல" என்றாராம்.

நேரே என் பூத்துக்கு வந்தாள். பேச்சு விட்டுப் போன இத்தனை வருஷத்தில், போன் பேச வந்தால்கூட வேண்டிய வார்த்தையோடு சரி. அன்றைக்கு என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"யாரும் இல்லியாம், மாலா" என்றாள்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று நாக்கு நுனி வரை வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினேன். டீ வாங்கி வரச் சொல்லி அவளுக்குக் கொடுத்தேன்.

பிரான்சு ஆசை அன்றோடு அவளுக்கு விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது, அதுதான் பெரிய வியாதி. அந்தப் பெண் வாயால் ஒரு தடவை தன்னை அம்மா என்று கூப்பிட்டுக் கேட்கவேண்டும். "சட்டத்துல வேணாம், காயிதத்துல வேணாம், வாயால ஒரு தடவ சொன்னா போதும். அப்புறம் நான் மரேனாவே செத்துப் போறேன்" என்பாள். ஆரோனுக்கு இது எதுவும் மண்டையில் ஏறவில்லை. தங்கச்சி மனசு வைத்தால் சட்டமெல்லாம் ஒன்றும் செய்யாது என்று அவன் நம்பினான்.

இதற்கிடையே அலெக்சாண்டர் வேலை பார்த்த ஓட்டலில் துணி தேய்ப்பதை வெளியாளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஏஜெண்டைப் பிடித்து அவன் உல்லாசக் கப்பலில் வேலைக்குப் போனான். அங்கேயும் அதே துணிதான். "கப்பல்ல போறேன்னுதான் பேருங்கக்கா, கடலக் கண்ணால பாக்கறதில்ல. தண்ணிக்குக் கீழதான் நம்ம ரூம்பு, அதுக்கும் கீழதான் வேல" என்று போனில் என்னிடம் சொல்வான். கப்பலேறும்போதே புஷ்பமேரி தன் சின்ன வயதுச் செயினையும் சிலுவையையும் அவன் பையில் வைத்துத் தைத்து அனுப்பியிருந்தாள். பெண்ணுக்கு உறுதிபூசுதல் என்கிற கோயில் சடங்கு வரும்போது செயின் போடவேண்டியது மரேன்தான். அந்த முறையாவது தனக்கு இருக்கட்டும் என்று நினைத்தாள். அந்தக் கப்பல் கிரேக்கத் தீவுகளைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது, பிரான்சுப் பக்கமே போவதில்லை.

2006-ல், கோடை முடிகிற சமயம், ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அலெக்சாண்டர் பேசினான். அந்த வருஷத்துக் கடைசிப் பயணத்தில் கப்பல் ஒரே ஒரு முறை பிரான்சில், மர்செய் துறைமுகத்தில் நிற்கிறதாம். காலையில் வந்து சாயந்திரம் கிளம்பிவிடும். நடுவில் அவனுக்கு இறங்க அனுமதி கிடைக்கும். தூலோனிலிருந்து ரயிலில் மர்செய் பக்கம்தான்.

புஷ்பமேரி உடனே ஜெர்மேனைக் கூப்பிட்டாள். ஜெர்மேன் வேண்டாமென்று சொல்லவில்லை. "பொண்ண அழைச்சிட்டு வரேன், மேரி. செயினும் போடட்டும், ஒங்கிட்ட பேசவும் சொல்றேன். ஆனா எதையும் சொல்லி அவ மனசக் கலைக்காதீங்க. படிக்கற புள்ள."

"சரிங்க அண்ணி" என்றாள் புஷ்பமேரி. போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, "சொல்லத்தான் போறேன்" என்றாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், மர்செய்யில் அப்போது காலை. கோயிலுக்குக் கட்டிப்போன பட்டுச்சேலையை அவிழ்க்காமல், தலையில் பூவோடு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"போன்ல பூ தெரியாதுடி" என்றேன்.

"எனக்குத் தெரியும் இல்ல" என்றாள்.

ஆரோனும் வந்திருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, அவனும் ஏதோ பேட்டிக்குப் போகிறவன்போல் நின்றான். "பேசி முடிச்சிட்டு எங்கிட்ட குடும்மா, நானே கேக்கறேன்" என்று அம்மாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. புஷ்பமேரி தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்து, "மாலா, அந்த ஸ்பீக்கரப் போடு. அவ அம்மான்னு கூப்புடறத இவனும் கேக்கட்டும், நீயும் கேளு" என்றாள்.

"வேணாம்டி. மொதல்ல நீ பேசு" என்றேன்.

"போடுன்னா போடு."

போன் அடித்தது. அலெக்சாண்டர்தான். அவன் குரலுக்குப் பின்னால் காற்று, வண்டிச் சத்தம், யாரோ கூவி விற்கிற சத்தம். "மேரி, பாத்துட்டேன் மேரி. என்ன விட ஒசரமா இருக்கா" என்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. செயின் போட்டுவிட்டதாகச் சொன்னான். பக்கத்தில் அக்கா இல்லை, தெரிந்தவர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வேண்டுமென்றே நகர்ந்துபோயிருக்கிறாள் என்றான். பிறகு பெண்ணிடம் கொடுத்தான்.

"அலோ, மரேன்" என்றது அந்தக் குரல். பெரிய மனுஷிக் குரலாகிவிட்டிருந்தது.

புஷ்பமேரி இத்தனை நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ. "நான் மரேன் இல்ல கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"தெரியும்" என்றாள் ஆஷ்லின். தமிழ் கொஞ்சம் தடுமாறினாலும் தெளிவாகவே பேசினாள். "மாமோன் போன வருஷமே சொல்லிட்டாங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க."

மாமோன் என்றால் பிரெஞ்சில் அம்மா, ஜெர்மேனைத்தான் சொன்னாள். அவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்கு ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது. புஷ்பமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, கையேந்திக் கேட்கிறவள்போல, "அப்ப ஒரே ஒரு தடவ கூப்புடேன் கண்ணு" என்றாள்.



"ஒன்னு கேக்கலாமா?" என்றாள் ஆஷ்லின். "ரொம்ப நாளா கேக்கணும்னு. அண்ணனும் இருந்தான் இல்ல? ஏன் அவனக் குடுக்கல? ஏன் நானு?"

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை, பதிலுக்கு அழுதாவது சமாளித்திருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை டீச்சரிடம் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். ஸ்பீக்கர் அதை அறை முழுக்கச் சொன்னது.

புஷ்பமேரி ஆரோனைப் பார்த்தாள். அவன் முகம் கறுத்துப் போயிருந்தது. தங்கச்சிக்குப் பரிந்து பேசப்போகிறான், அல்லது வெளியே போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் அம்மாவுக்கு நேராக ஒரு அடி எடுத்து வைத்தான்.

"கேக்கறா இல்ல, சொல்லு" என்றான். "ஏன் என்னக் குடுக்கல?"

கொடுக்கப்பட்டவளும் அதையே கேட்டாள், வைத்துக்கொள்ளப்பட்டவனும் அதையே கேட்டான். நடுவில் பட்டுச்சேலையோடு அவள். பிறகு அவள் கை தானாகப் போய் போனை வைத்துவிட்டது.

"அடிப்பாவி" என்று நான் எழுந்துவிட்டேன்.

மறுபடியும் அடித்தது. அவள் எடுக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். நான்தான் எடுத்து, லைன் சரியில்லை, இங்கே ஒன்றும் கேட்கவில்லை என்று அலெக்சாண்டரிடம் சொன்னேன். அவன் நம்பியதாகக் காட்டிக்கொண்டான். அதற்குள் ஆரோன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஆரோன் பிரான்சு என்ற பேச்சையே எடுக்கவில்லை. நோணாங்குப்பம் போட் ஹவுசில் டூரிஸ்டுகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். வீட்டில் சாப்பாடு போட்டால் சாப்பிடுவான், அம்மா முகத்தைப் பார்க்கமாட்டான். இவனை வைத்துக்கொள்ளத்தான் அவளைக் கொடுத்தது. இவனும் பாதி போய்விட்டான்.

கிறிஸ்துமசுக்குக் கொஞ்சம் முன்னால் அலெக்சாண்டர் ஊர் வந்தான். வந்த மறுநாளே பூத்துக்கு வந்து, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான். வீட்டில் சொல்ல முடியாததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவான்.

கப்பலிலிருந்து பயணிகளெல்லாம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். இவன் கம்பி வேலி ஓரமாகவே ரொம்ப தூரம் நடந்து, பிறகு ஒரு பஸ் பிடித்துப் பழைய துறைமுகத்துக்குப் போயிருக்கிறான். படகுகள் நெருக்கமாகக் கட்டிக் கிடந்தன. கரையிலேயே பலகை போட்டுப் பெண்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள், நம்ம மார்க்கெட் மாதிரியே சத்தம். ஆஷ்லின் முன்னால் நடந்து, அது ராஜா கட்டின கோட்டை, இது இந்த ஊரிலேயே பழைய சர்ச், அதோ மலைமேல் தங்க மாதா, கப்பல்காரர்களைக் காப்பாற்றுகிறவள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாளாம். வந்த விருந்தாளிக்கு ஊர் காட்டுவது போல.

"நான் எங்கக்கா அதெல்லாம் பாத்தேன்? அவ நடக்கறதத்தான் பாத்துட்டு வந்தேன். கால கொஞ்சம் அகட்டி வெக்கறா. அப்படியே மேரி நட" என்றான்.

"போன் கட்டானதும் என்ன பண்ணா?" என்று கேட்டேன்.

"ஏன் வெச்சிட்டாங்கன்னா. லைன் போச்சுன்னேன். அப்ப நீங்க சொல்லுங்கன்னு எங்கிட்ட கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

அலெக்சாண்டர் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஐஸ்கிரீம் வேணுமான்னு கேட்டேங்கக்கா" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த பேனாவை மேஜையில் விட்டெறிந்தேன். அவன் அசையவில்லை. ஐஸ்கிரீம் வேண்டாம் என்று ஆஷ்லின் சொல்லிவிட்டாளாம். கப்பல் கேட் வரைக்கும் ஜெர்மேனும் அவளும் கூடவே வந்திருக்கிறார்கள். உள்ளே போகிற நேரம், கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களுக்குச் செய்கிறபடி கை கூப்பித் தோத்திரம் சொல்லியிருக்கிறாள். இவன் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டான். "மெர்சி, தோந்தோன்" என்றாளாம். மெர்சி என்றால் நன்றி, பிரெஞ்சில் மாமா, சித்தப்பா எல்லோருக்கும் தோந்தோன்தான் பெயர்.

"அன்னிக்கு சாயங்காலம் மாடியில பேண்டு வாத்தியம் வாசிச்சு ஊர விட்டுக் கெளம்பினாங்க. நான் கீழ பெட்ஷீட்டு மடிச்சிட்டு இருந்தேன்" என்றான். அதற்குமேல் அவனிடம் சொல்ல ஒன்றுமில்லை.

வருஷப் பிறப்பு வந்தது. இந்த முறை போன் வராது என்றே நான் நினைத்தேன். புஷ்பமேரி தலைகுளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இன்னிக்குப் பதில் சொல்லிடுவேன். எதுன்னாலும் சொல்லிடுவேன்" என்றாள். நான் ஸ்பீக்கரைத் தொடவே இல்லை.

போன் வந்தது. இந்தத் தடவை ஜெர்மேன் முன்னால் பேசவில்லை, பெண்ணே நேரடியாகக் கூப்பிட்டிருந்தாள். ரிசீவரை எடுத்துக் கொடுக்கும்போது எனக்கே கேட்டது.

"பொன்னானே, மரேன்."

தெரிந்தே சொன்னாள். அம்மா என்று சொல்லவேண்டாம் என்று யாரும் அவள் வாயைக் கட்டவில்லை. புஷ்பமேரி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இப்போது சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க, "பொன்னானே, கண்ணு. நல்லா இரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன். "அந்தப் புள்ள அதுக்குத்தானடி காத்துட்டு இருக்கு. ஏதோ ஒன்னு சொல்றதுக்கு என்ன?"

அவள் பூவைச் சரிசெய்துகொண்டாள். ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"என்னன்னு சொல்லட்டும்? பொண்ணுதானே, எப்படியும் ஒரு வீட்டுக்குக் குடுக்கறதுதானே, கொஞ்சம் முன்னாடி குடுத்தா என்னன்னு நெனச்சேன். நெசமாவே அவ்வளவுதான் நெனச்சேன், மாலா. இத அவகிட்ட எப்படிச் சொல்றது? நீ சொல்லு."

நான் ரிசீவரை எடுத்து மறுபடி சரியாக வைத்தேன்.

அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஹாஸ்டலில் பிள்ளைகளுக்கு ராச்சோறு வடிக்கவேண்டும், நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.